வாசகர் வட்டம், கோத்தகிரி: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்று தீர்மானம் போட்டிருந்தோம். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பேச்சாளர் பாதி வழியில் திரும்பியதால் ஒன்று நின்றுபோனது. மற்றவை நடந்தன. பொங்கல் விழா, புது அலமாரி விவரமெல்லாம் குறிப்பேட்டில் உள்ளன.

ஆவணி மாதப் படக்காட்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. மிஞ்சிய உடற்பகுதியை 1982இல் தூக்கினார்கள். கிடைத்த பொருட்கள் 19,000க்கும் மேல். மலையில் இருக்கிற நமக்குக் கப்பல் எதற்கு என்று செயற்குழுவில் கேள்வி வந்தது. கேட்டவர்களில் நானும் ஒருவன்.

பீரங்கிப் படங்களுக்கு யாரும் அசையவில்லை. 80க்கும் மேற்பட்ட சீப்புகள் கிடைத்தன, சிலவற்றின் பல்லிடுக்கில் பேன்கூட மிஞ்சியிருந்தது என்றதும் அரங்கம் கலகலத்தது. சிறு வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்த நம் மூத்த உறுப்பினர் அம்மா, "எங்க தகரப்பெட்டியிலயும் அம்மா மொதல்ல வச்சது பேன்சீப்புதான் தம்பி" என்றார். அப்புறம் கேள்வியெல்லாம் அவரிடம்தான் போனது. மாலுமிகள் தங்கள் மரக்கிண்ணங்களில் அவரவர் அடையாளத்தைக் கீறி வைத்திருந்தார்கள், நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல. மிளகும் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் போர்த்துக்கீசியர் கொச்சியிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதால், கூடலூரிலிருந்து வந்திருந்தவர் "அது எங்க பக்கத்து மிளகுதான்" என்று உரிமை கொண்டாடினார். நிரூபிக்க வழியில்லை, குறிப்பேட்டில் ஏற்றிவிட்டேன்.

மரத்தைக் காப்பாற்றிய கதைக்குத்தான் நேரம் போனதே தெரியவில்லை. இங்கே ஈரத்தால் பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. அங்கே ஈரம் சட்டென்று காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும். அதனால் முதல் 12 ஆண்டுகள் குளிர்ந்த நீரைத் தெளித்தே வைத்திருந்தார்கள். 1994 முதல் 2013 வரை பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுக் கரைசல். அதற்குப் பிறகுதான் உலர்த்தவே ஆரம்பித்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர் ஒருவர், "ஒரு ராத்திரி இலையை வாட்டுறதுக்கே நாங்க கண் முழிச்சுக் கிடப்போம்" என்று தலையில் கை வைத்தார்.

அரங்க வாடகை இந்த ஆண்டு இரண்டு முறை ஏறிவிட்டது. சந்தா பாக்கியைப் பொருளாளர் பெயர் சொல்லி வாசிப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம். படக்காட்சிக்கு இரவல் வாங்கிய புரொஜெக்டரின் ரிமோட் இன்னும் நம்மில் யாரிடமோ இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் தந்துவிடவும்.

செயலாளர்