மெஸ் பில் ஏன் ஏறுகிறது? விடுதிக் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் அதன் கீழ் உள்ள கல்லூரிகளுக்கும் பெட்டி படுக்கையோடு வந்து சேரும் காலம் இது. சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை பற்றித் தங்கள் நாளிதழில் விரிவாக வருகிறது. மாதாமாதம் வீட்டைக் கலங்கடிக்கும் மெஸ் பில்லைப் பற்றி யாரும் எழுதக் காணோம். போன மாதம் 3,150 ரூபாய், இந்த மாதம் 3,450. அதே சாப்பாடுதானே, எப்படிக் கூடியது என்று ஊரிலிருந்து போனில் கேட்டால் பிள்ளைகளுக்குப் பதில் தெரிவதில்லை. விலைவாசி என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் விலைவாசி அல்ல, கணக்குப் போடும் முறை.

அரசு நல விடுதிகளின் கணக்கு வேறு. அங்கே கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படியை அரசே தருகிறது. 2023இல் அது ரூ.1,100இலிருந்து ரூ.1,500 ஆனது. நாங்கள் சொல்ல வந்தது பல்கலைக்கழக, கல்லூரி விடுதிகளில் நடக்கும் டிவைடிங் சிஸ்டம் பற்றி. மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற மொத்த நாள்கணக்கால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள். அதை அவரவர் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் பில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

200 பேர் உள்ள ஒரு விடுதியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 ரூபாய். சமையலாள் சம்பளம், கேஸ், மின்சாரம், பாத்திரப் பழுது என்று எஸ்டாப்ளிஷ்மென்ட் மாதம் 1,20,000 ரூபாய். எல்லாரும் 30 நாளும் இருந்தால் நாள்கணக்கு 6,000. எஸ்டாப்ளிஷ்மென்ட் பங்கு நாளுக்கு 20 ரூபாய். ஆக 105. மாத பில் 3,150.

அடுத்தது பங்குனி மாதம் என்று வையுங்கள். உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு, விடுதியே காலியாகும். அதோடு தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையும் சேர்ந்து நாள்கணக்கு 4,000 ஆகிவிட்டால், சமையலாள் சம்பளம் குறையுமா? அதே 1,20,000 இப்போது 4,000 நாளில் விழுகிறது. நாளுக்கு 30 ரூபாய். ஊருக்குப் போகாமல் 30 நாளும் தங்கிப் படித்த பிள்ளைக்கு பில் 3,450. அவன் ஒரு கவளம்கூட அதிகமாகச் சாப்பிடவில்லை. ஊருக்குப் போனவர்களின் சமையலாள் சம்பளத்தையும் அவன் சுமக்கிறான். பஸ் காசு மிச்சம் பிடிக்கவோ, வேலையில் இருக்கும் பெற்றோருக்குத் தொந்தரவு வேண்டாம் என்றோ தங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றும் தாய்மாருக்கு இந்த 300 ரூபாய் ஒரு நாள் கூலிக்குக் குறையாது.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், குலசை தசரா, கிறிஸ்துமஸ் விடுமுறை என்று எப்போது ஊர்ப்பயணம் வந்தாலும் இதே கதைதான்.

எங்கள் யோசனை, பில்லை இரண்டாகப் பிரிப்பது. எஸ்டாப்ளிஷ்மென்ட் தொகையை விடுதியில் பெயர் உள்ள 200 பேருக்கும் சமமாக, தலைக்கு 600 ரூபாய் என்று போடுங்கள். உணவுச் செலவை மட்டும் சாப்பிட்ட நாளுக்குப் போடுங்கள். 30 நாள் தங்கியவருக்கு 600 + 2,550 = 3,150; எந்த மாதமும் இதே பில்தான். 15 நாள் மட்டும் தங்கியவருக்கு 600 + 1,275 = 1,875. பழைய முறையில் அவர் 1,725 கட்டியிருப்பார். 150 ரூபாய் கூடுகிறதே என்று அவர் கேட்கலாம். அவருக்காகவும்தான் சமையற்கட்டு மாதம் முழுக்கத் திறந்திருந்தது. அந்தச் செலவு அவருடையதும்தான். கேஸை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 200 பேருக்கு இட்லி அவித்தாலும் 140 பேருக்கு அவித்தாலும் கொப்பரைத் தண்ணீர் கொதிக்க ஆகும் கேஸ் பெரிதாகக் குறையாது என்பதால், அதை எஸ்டாப்ளிஷ்மென்ட் பக்கம் வைப்பதே சரி என்று நினைக்கிறோம்.

இப்படிப் பிரிப்பதால் இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு: சோறு வீணாவது குறையும். பல விடுதிகளில் தொடர்ந்து 3 நாள் அல்லது 5 நாள் இல்லாவிட்டால்தான் பில்லில் கழிவு, அதாவது ரிடக்‌ஷன் என்று விதி இருக்கிறது. வெள்ளி சாயங்காலம் வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் சங்கரன்கோவில் பஸ்ஸோ திசையன்விளை பஸ்ஸோ பிடித்துப் போய், திங்கள் காலை வகுப்புக்கு நேரே வருகிறவருக்கு முழுசாக இரண்டு நாள்தான் ஆகிறது. அவருக்கு ரிடக்‌ஷன் கிடையாது. எழுதிக் கொடுத்தாலும் பைசா குறையாது என்றால் எதற்கு எழுதிக் கொடுப்பார்? சமையல் மாஸ்டருக்குச் சரியான தலைக்கணக்கு கிடைக்காது. அவர் கண்மதிப்பில் உலை வைக்கிறார். பற்றாக்குறை வந்தால் திட்டு வாங்குகிறவர் அவர்தான், அதனால் கூடத்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மதியச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 150 கிராம் அரிசி. 200 பேருக்கு 30 கிலோ. சனிக்கிழமை இருப்பது 120 பேர் என்றால் 18 கிலோ போதும். மிச்சம் 12 கிலோ அரிசி, வெந்த சோறாக 30 கிலோவுக்கு மேல், தொட்டிக்குப் போகிறது. கிலோ 50 ரூபாய் என்று பார்த்தாலும் ஒரு வேளைக்கு 600 ரூபாய், அதுவும் அரிசி மட்டும். சாம்பாருக்குத் தலைக்கு 25 கிராம் துவரம்பருப்பு என்றால் 5 கிலோ போட்ட இடத்தில் 3 கிலோ போதுமாயிருந்தது. அந்தக் காசும் இருக்கிறவர்கள் தலையில்தான் விடியும்.

எஸ்டாப்ளிஷ்மென்ட்டைத் தனியாக எடுத்துவிட்டால், ஒரு நாள் லீவுக்கும் உணவுப் பங்கைக் குறைத்துக் கொடுப்பதில் விடுதிக்கு நஷ்டமே இல்லை. நிபந்தனை ஒன்றுதான்: முந்தின நாள் மதியம் 12 மணிக்குள் லீவு நோட்டில் பெயர் எழுத வேண்டும். நயினார்குளம் மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே காய் எடுத்துவிடுவார்கள். ராத்திரி 9 மணிக்கு வந்து சொன்னால் வாங்குவதையும் குறைக்க முடியாது, இட்லி மாவையும் குறைக்க முடியாது. மாவு சாயங்காலமே ஆட்டியாகிவிடும்.

அடுத்தது ஸ்டாக். மாதச் செலவு என்பது மாதம் வாங்கியது அல்ல. மாத ஆரம்பத்து இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி நாள் இருப்பைக் கழித்தால் வருவதே செலவு. இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் மாதக் கடைசி ராத்திரி ஸ்டோரைத் திறந்து எடை போடுவதற்குத்தான் ஆள் இருப்பதில்லை. 28ஆம் தேதி ஆயிரம் கிலோ அரிசி வந்து இறங்குகிறது. இருப்பில் எழுத விட்டுப்போனால் 50,000 ரூபாயும் அந்த மாதச் செலவில் ஏறிவிடும். தலைக்கு 250 ரூபாய். அடுத்த மாதம் பில் குறையும்தானே என்பார்கள். இறுதியாண்டு மாணவர் அடுத்த மாதம் விடுதியில் இருக்க மாட்டாரே.

எடை போடும்போது மெஸ் செகரட்டரிகள் கவனிக்க வேண்டியவை சில. அரிசியை மூட்டைக் கணக்கில் எழுதவே கூடாது. 25 கிலோ வரையுள்ள பொட்டலங்களுக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ மூட்டைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. ஒரே ஸ்டோரில் இரண்டும் கிடக்கும். கிலோவில் எழுதுங்கள். சாப்பாட்டு அரிசிக்கும் இட்லிக்கு வாங்கும் அம்பை 16 போன்ற குண்டரிசிக்கும் விலை வேறு, ஸ்டாக் நோட்டில் பக்கமும் வேறாக இருக்கட்டும். எண்ணெய் டின்னில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள்: 15 லிட்டரா, 15 கிலோவா? 15 லிட்டர் எண்ணெய் சுமார் 13.6 கிலோதான் நிற்கும். கிலோ விலைக்கு பில் வந்து லிட்டர் டின் இறங்கினால், டின்னுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போயிற்று. வணிக சிலிண்டரில் 19 கிலோ கேஸ் இருக்க வேண்டும். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். இறக்கும்போதே தராசில் வைத்து, வரும் எடையிலிருந்து அதைக் கழித்துப் பார்த்து வாங்குங்கள். பாதி தீர்ந்த சிலிண்டருக்கும் மாதக் கடைசியில் இதே கணக்குதான்.

மெஸ் கமிட்டிக் கூட்டங்களில் பரோட்டா எத்தனை, கோழிக் குழம்பு எந்தக் கிழமை என்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். கணக்குத் தாள் வரும்போது வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிறார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் 200 குடும்பத்துப் பணம் இருக்கிறது. பில் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் அது ஒரு செமஸ்டரையே பாதிக்கும்.

ஆகவே விடுதிக் காப்பாளர்களுக்கும் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் எங்கள் வேண்டுகோள்: இந்தக் கல்வியாண்டிலிருந்தே பில்லை இரண்டு வரியாகக் கொடுங்கள். மாதக் கடைசி நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டோர் பொறுப்பாளர், காப்பாளர் அனுப்பும் ஒருவர், மாணவர் இருவர் கூடி எடை போட்டு நால்வரும் கையெழுத்திடட்டும். ஆரம்ப இருப்பு, வாங்கியது, கடைசி இருப்பு, மொத்த நாள்கணக்கு, எஸ்டாப்ளிஷ்மென்ட் என்ற ஐந்து எண்களும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் சாப்பாட்டுக் கூடத்துக் கரும்பலகையில் வரட்டும். பெண்கள் விடுதிக்கும் ஆண்கள் விடுதிக்கும் ஒரே ஸ்டோர் என்றால், எந்த விடுதிக்கு எவ்வளவு எடுத்துக் கொடுத்தார்கள் என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். அரிசி அதிகம் செலவாகும் விடுதியின் கணக்கு மற்றதன் பில்லில் ஏறுவது இந்த இடத்தில்தான்.

இப்படிக்கு,
விடுதிக் கணக்குப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.