புல்பென்னில் வீசும் பந்துகளையும் எண்ணுங்கள்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்துக்கும், ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும்,

வணக்கம்.

ஒரே சீசனில் அதிக ஆட்டங்களில் பந்து வீசியவர் யார் என்று உங்கள் பதிவேட்டைப் புரட்டினால் முதலில் நிற்பவர் மைக் மார்ஷல். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 1974-ல் ஆடிய 162 ஆட்டங்களில் 106-ல் அவர் இறங்கினார். அதில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்கள். ஒன்றில்கூட ஆட்டத்தைத் தொடங்கி வைக்காமலேயே 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். ஆண்டின் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருதை வாங்கிய முதல் ரிலீஃப் பிட்சரும், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பந்துவீச்சாளரும் அவர்தான். அதற்குப் பிறகு கென்ட் டெகுல்வி 1979-லும் சாலமன் டோரஸ் 2006-லும் 94 வரைதான் வர முடிந்தது.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் பெட்ரோ ஃபெலிசியானோ.

நியூயார்க் மெட்ஸின் இடதுகைப் பிட்சர். 2008-ல் 86 ஆட்டங்கள், 2009-ல் 88, 2010-ல் 92. மூன்று ஆண்டுகளும் லீக்கிலேயே அதிகம் அவர்தான். எதிரணியின் இடதுகை பேட்டர் வந்தால் அவரை அழைப்பார்கள். பல நாள் ஓரிருவரை மட்டும் சமாளித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதனால் இன்னிங்ஸ் கணக்கில் பார்த்தால் சின்ன வேலைதான். அப்புறம் யாங்கீஸ் அவரை இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. தோள்பட்டை போய்விட்டது, அறுவை சிகிச்சை நடந்தது, அந்த அணிக்காக ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் பந்து வீசவில்லை. மெட்ஸ் அவரைப் பிழிந்துவிட்டது என்று யாங்கீஸ் பக்கம் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். வீச முடியுமா என்று கேட்டபோதெல்லாம் அவரே முடியும் என்றார் என்பது மெட்ஸின் பதில்.

அவர் வேறு என்ன சொல்வார்? முடியாது என்றால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். தினமும் வீசத் தயார் என்பதுதான் அப்படிப்பட்ட ஒருவரின் பிழைப்பே. அந்தப் பதிலை நம்பி ஒரு தோளை ஒப்படைப்பது நியாயம் இல்லை.

இதில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, 92 என்ற எண்ணே முழுக் கணக்கு இல்லை என்பது. மாற்றுப் பிட்சர்கள் காத்திருந்து உடம்பைத் தயார் செய்யும் இடமான புல்பென்னில் எழுந்து, வேகமாக இருபது முப்பது பந்து வீசி உடம்பைச் சூடேற்றி, கடைசியில் அழைப்பு வராமல் உட்காரும் நாள்கள் ஒவ்வொரு ரிலீஃப் பிட்சருக்கும் உண்டு. பதிவேட்டைப் பொறுத்தவரை அவர் அன்று ஓய்வில் இருந்தார். தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

களத்தில் வீசும் ஒவ்வொரு பந்தின் சுழற்சியைக்கூட ஹாக்-ஐ கேமரா வைத்து அளக்கிறீர்கள். புல்பென்னில் யார் எத்தனை முறை எழுந்தார், எத்தனை பந்து வீசினார் என்று குறிக்க ஓர் ஆளும் ஒரு பேனாவும் போதும். எதிரணிக்குத் தகவல் போய்விடும் என்று அணிகள் தயங்கினால், சீசன் முடிந்த பிறகு வெளியிடுங்கள். சரி, அதுவே போதும். ஒப்பந்தம் பேசும் நேரத்தில் பிட்சர் கையிலும், அவரை எடுக்கப்போகும் அணியின் கையிலும் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

பிட்சர் குறைந்தது மூன்று பேட்டருக்காவது வீச வேண்டும் என்று 2020-ல் வந்த விதி, ஃபெலிசியானோ செய்த வேலையையே ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியது. ஆட்டம் வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக அதைச் செய்ய முடிந்த நீங்கள், அடுத்த சீசனிலேயே அதிகாரபூர்வப் பதிவில் இந்த ஒரு கணக்கையும் சேர்க்க வேண்டும். சங்கமும் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு பேஸ்பால் ரசிகர்