லாரிக்கு வந்த ஜப்பான் குரல்

நிஷிகசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கு எல்லோரும் நலமா? இங்கே மழைக்காலம் முடிந்தும் புழுக்கம் தாங்கவில்லை. அம்மா முட்டிவலி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

“பொம்மப் படத்துக்குப் பேசறவங்க பக்கத்துல உக்காந்து என்னதான் சாமி பண்றே?” என்று போனில் கேட்டீர்கள். சட்டென்று சொல்ல வரவில்லை.

அமெரிக்கக் கார்ட்டூன் தொடருக்கு ஜப்பானியக் குரல் கொடுப்பதை இங்கே ‘ஃபுகிகாயே’ என்கிறார்கள். மொழிபெயர்த்த வசனம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. முதல் தொந்தரவே ‘ஐ’தான். இங்கிலீஷில் ராஜாவும் திருடனும் குழந்தையும் தன்னை ‘ஐ’ என்றே சொல்லிக்கொள்ளலாம். ஜப்பானியக் கார்ட்டூனில் முரடன் ‘ஓரெ’ என்பான், சாதுவான பையன் ‘பொக்கு’, கிழவர் ‘வாஷி’, அடக்கமாகப் பேசுகிறவர் ‘வாதாஷி’. நமக்கு ‘நீ’யா ‘நீங்க’ளா என்று வரும் தலைவலி, இவர்களுக்கு ‘நான்’ என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது வாய். அமெரிக்காவில் குரலை முதலில் பதிந்து, அதைக் கேட்டு வாயை வரைகிறார்கள். இங்கே பெரும்பாலும் படம்தான் முதலில். மூடிய வாய், பாதி வாய், திறந்த வாய் என்று மூன்றை வைத்தே ஒப்பேற்றிவிடுவார்கள். அதனால் அமெரிக்க வாயில் ஜப்பானிய வசனத்தை உட்கார வைப்பதற்குள் உயிர் போகிறது. படத்தில் ஆள் எடுத்தவுடனே தலையை ஆட்டி மறுத்துவிடுவான். ஜப்பானியத்தில், நம் பேச்சைப் போலவே, ‘மாட்டேன்’ கடைசியில்தானே வரும்? கூட வேலை செய்யும் அமெரிக்கருக்கு இதை விளக்க அரை மணி ஆனது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ராத்திரி ஏழு மணிக்கு நுழைந்தாலும் காலை வணக்கம்தான் சொல்ல வேண்டும். சரசரக்கும் துணி கூடாது. மைக் மூன்று நாலுதான், ஆட்கள் பத்துப் பேர். மாறி மாறி முன்னே வந்து பேசுகிறார்கள், ஒருவரும் முட்டிக்கொள்வதில்லை, தாள் புரட்டும் சத்தம்கூட இல்லை. நம் டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

உங்களுக்கென்று ஒரு சேதி. வண்டியாக மாறும் ரோபோக்களைப் பற்றிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் 1985இல் இங்கே வந்தபோது, லாரியாக மாறும் தலைவன் ஆப்டிமஸ் பிரைமின் பெயரைக் ‘கான்வாய்’ என்று மாற்றிவிட்டார்கள். ஆமாம், லாரிகள் வரிசைகட்டிப் போகுமே, அதே கான்வாய். குரல் கென்டா தெஷ்ஷோ. “வாதாஷிக்கு நல்ல யோசனை இருக்கிறது” என்று அவன் கணீரென்று சொல்வதை இன்றும் இங்கே கிண்டலுக்குச் சொல்கிறார்கள், ஏனென்றால் அந்த யோசனை சொதப்பும். நம் லாரிப் பட்டறையில் யார் ஞாபகம் வருகிறது என்று நான் எழுதவில்லை.

அதே வரிசையில் 1997இல் இங்கே வந்த பீஸ்ட் வார்ஸில் நடிகர்கள் சொந்தச் சரக்கை அள்ளிவிட்டார்கள். அது சிரிப்புதான். ஆனால் வல்லூறாக மாறும் ஏரேஸர் என்ற பெண்ணை ஆணாக்கிவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒருத்தியை மாற்றியதும் கதையில் அவளைச் சுற்றி இருந்த பாசமும் வேறாகிவிடுகிறது.

பார்சலில் ஒரு கான்வாய் பொம்மை வருகிறது. தம்பி மகனுக்கு என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். முதலில் நீங்கள் பிரியுங்கள். கேபினும் பாடியும் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்,
செல்வி