கோதுமைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அமெரிக்காவின் கான்சாஸில் கோதுமை சேமிக்கும் சைலோ (உயரமான தானியக் கோபுரம்) நிலையமொன்றில் பராமரிப்புப் பொறியாளராகச் சேரப்போகிறாய் என்று நீ சொன்ன அன்று, அப்பா சரியாகப் பேசவில்லை என்று வருந்தினாயாம்; அம்மா சொன்னாள். முப்பத்தோரு ஆண்டுகள் மாவு மில்லில் பிட்டராக இருந்தவனுக்கு அந்தச் செய்தியைக் கேட்டதும் தூசிதான் முதலில் நினைவுக்கு வந்தது. அன்று வாய்க்கு வராததை இப்போது எழுதுகிறேன்.

ஆச்சி வீட்டு மரத்தூள் அடுப்பு உனக்கு நினைவிருக்கும். இடித்துக் கெட்டித்த தூள் மணிக்கணக்கில் நின்று எரியும்; அதே தூளில் ஒரு கைப்பிடி அள்ளித் தணலின் மேல் தூவினால் குப்பென்று பற்றும். தானியத் தூசியும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 50 கிராமுக்கு மேல் அது மிதந்து, நாலு சுவருக்குள் அடைபட்டும் நின்றால், ஒரு பொறி போதும்.

விச்சிட்டாவை அடுத்த ஹேஸ்வில்லில் 1998 ஜூன் 8 காலையில் வெடித்த தானிய நிலையத்தைப் பற்றி உன்னுடன் வேலை செய்யும் மூத்தவர்களிடம் கேள். இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட சைலோக்கள் வரிசையாக நின்ற இடம் அது. ஏழு பேர் இறந்தார்கள். கீழ்ச் சுரங்கப்பாதையில் ஓடிய கன்வேயரின் ஓர் உருளையில், கிரீஸ் இல்லாமல் பேரிங் இறுகிப்போக, சுழலாமல் நின்றுவிட்ட அந்த உருளையின் மேல் பெல்ட் உரசிக்கொண்டே ஓடி, அந்தச் சூட்டில் தூசி பற்றியதே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது. முதல் வெடிப்பு பெரும்பாலும் சிறியதுதான், கயல். அதன் காற்றழுத்தம் உத்தரத்திலும் குழாய்களின் மேலும் படிந்து கிடக்கும் தூசியையெல்லாம் கிளப்பிவிடுகிறது. பின்னாலேயே வரும் நெருப்பு அதைப் பற்றுகிறது. கட்டடத்தைச் சாய்ப்பது இந்த இரண்டாவது வெடிப்பே. ஆகவே பெருக்குவது கடைநிலை ஊழியரின் வேலை என்று பொறியாளர் யாரேனும் சொன்னால் நீ அதை ஏற்காதே.

1977 டிசம்பர் 22 அன்று லூசியானாவின் வெஸ்ட்வீகோவில் 36 பேரும், ஐந்தே நாளில் டெக்சாஸின் கால்வெஸ்டனில் மேலும் பலரும் இதே போன்ற தானிய நிலைய வெடிப்புகளில் மாண்டார்கள். அதன்பின் பத்தாண்டு கழித்துத்தான் அந்த நாட்டில் தானிய நிலையங்களுக்கென்று தனி விதி வந்தது. முக்கியமான இடங்களில் தூசி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் உடனே அகற்ற வேண்டும் என்கிறது அவ்விதி. எனக்கு அந்த அளவே தாராளமாகப் படுகிறது. விரலால் பெயர் எழுத முடிகிறதென்றால் பெருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீ பள்ளியில் படித்த காலத்தில், ஓர் இரவு ஷிப்டில் தானியத்தை வாளி வாளியாக மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டரின் உச்சியில் ரப்பர் கருகும் வாடை வந்தது. லோடு முடியட்டும், பிறகு நிறுத்தலாம் என்றார் மேற்பார்வையாளர். நான் கேட்காமல் சுவிட்சை அணைத்தேன். மேலே ஏறிப் பார்த்தபோது பேரிங் கூட்டின் மேல் கை வைக்க முடியவில்லை. கிரீஸ் போட்டதாக அன்று காலையில்தான் பதிவேட்டில் கையெழுத்தாகியிருந்தது. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளின் மேலோ பழைய தூசி காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த நிப்பிளை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஈரத்தோடு ஏற்றிய தானியம் தானாகவே சூடேறி உள்ளுக்குள் கனன்றால், பதறிப்போய் மேல்மூடியைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்ச யாரையும் விடாதே. தண்ணீரின் வேகம் தூசியைக் கிளப்பும், திறப்பின் வழியே காற்றும் புகும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வேறு மணமில்லாமல் காத்திருக்கும். நெருப்புக்குக் காற்று கிடைக்காதபடி நைட்ரஜன் செலுத்தத் தெரிந்தவர்கள் வரும்வரை அருகில் எவரும் நிற்க வேண்டாம்.

முதல் வாரத்திலேயே கிரீஸ் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சுரங்கப்பாதையில் இறங்கி, ஒவ்வொரு நிப்பிளையும் உன் கண்ணால் பார். ஹேஸ்வில்லில் தூசி உறிஞ்சும் அமைப்பு செயல்படாமல் கிடந்தது. உங்கள் சுரங்கப்பாதையில் அது ஓடுகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா