இடைவேளையில் விறைக்கும் கால்கள்: கோட்டுக்கும் கொட்டகைக்கும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போன ஜனவரியில் நம் மைதானத்தில் நடந்த காலிறுதி ஆட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். புல்லில் உறைபனி கரையாத நேரத்தில் தொடங்கிய ஆட்டம். முதல் பாதியில் ஒரு கோல் முன்னிலை. இடைவேளையில் பையன்கள் வியர்வையில் ஊறிய ஜெர்சியோடு மைதான எல்லைக்கோட்டு ஓரமாகக் குந்தியிருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். இடது விங் ஆடும் பையன் முதல் ஓட்டத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஒன்றரை மாதம் பந்தைத் தொடவில்லை. டிஃபென்ஸ் தூங்கிவிட்டது என்று சுற்றி நின்ற எல்லோரும் திட்டினோம். குழுவில் இருக்கிற நாங்களும்தான்.

அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்ததில், திட்டியது தப்பு என்று தெரிந்தது. நன்றாக ஓடி ஆடும்போது தொடைத் தசையின் சூடு 39 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில்தான் தசை சட்டென்று சுருங்கி விரியும். டென்மார்க் ஆய்வாளர்கள் கால்பந்து வீரர்களை வைத்து அளந்து 2004-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இடைவேளையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தொடைச் சூடு ஏறக்குறைய 2 டிகிரி இறங்கியிருந்தது. திரும்ப மைதானத்துக்குள் போனதும் அவர்களுடைய வேகமும் குறைந்திருந்தது. இடைவேளையின் கடைசி 7 நிமிடம் மிதமாக ஓடியவர்களுக்கு வேகம் குறையவில்லை.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்க்காதவர் ஊட்டிப் பக்கத்தில் யார்? தசை ஒன்றும் எண்ணெய் இல்லைதான். ஆனால் 15 நிமிடம் உட்கார்ந்து எழுந்த கால்களை ஓடச் சொல்வது, அந்தப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு உள்ளங்கையை நீட்டுகிற மாதிரிதான்.

“நாங்கள் எல்லாம் வெறும் பனியனோடு ஆடவில்லையா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஆடினீர்கள், மாமா. இன்று படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வதையும் பார்க்கிறோம். இது வசதி தேடுகிற விஷயமும் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சைக்கிள் வீரர்கள், வார்ம்-அப் முடிந்து பந்தயம் தொடங்கும் வரை பேட்டரியில் சூடாகும் கால்சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். நாங்கள் பேட்டரி கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற, உள்ளே ஃபிளீஸும் வெளியே தண்ணீர் புகாத துணியும் வைத்த கோட்டு போதும். சூடு காக்க வேண்டியது தொடையில் என்பதால் இடுப்போடு நிற்கும் ஜெர்கின் உதவாது. மாற்று ஆட்டக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். ஒரு மணி நேரம் பெஞ்சில் விறைத்துக் கிடந்தவனை எழுப்பி, “போ, ஓடு” என்கிறோம்.

ஜூன், ஜூலைச் சாரலில் கதை இன்னும் மோசம். ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனவே ஈர ஜெர்சியைக் கழற்றிக் காய்ந்ததைப் போட வேண்டும். பையன்கள் எங்கேயாவது திரும்பி நின்று மாற்றிக்கொள்கிறார்கள். பெண்கள் அணி? மைதானத்தில் அவர்களுக்கு மறைவான இடம் கிடையாது. நனைந்த ஜெர்சியோடே இரண்டாம் பாதியும் ஆடி, நடுங்கிக்கொண்டே பஸ் ஏறுகிறார்கள். இதை இத்தனை வருடம் யாரும் யோசிக்காமல் இருந்ததற்கு எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. கோட்டு தாமதமானாலும் பரவாயில்லை, கொட்டகையை முதலில் போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

கணக்கு இது. நடுவில் தடுப்பு வைத்து, தாழ்ப்பாளோடு இரண்டு அறை கொண்ட தகரக் கொட்டகைக்கு 65,000 ரூபாய். இரண்டு அணிக்கும் சேர்த்து 36 கோட்டு, ஒன்று 1,100 வீதம் 39,600. மாற்று ஜெர்சி 36-க்கு 9,000. சூடு ஆறாத டீ கேன் இரண்டு 4,400. மொத்தம் 1,18,000. குழு உறுப்பினர்கள் போட்டது 31,500 கையில் இருக்கிறது. இன்னும் 86,500 வேண்டும்.

கோட்டு வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டோம். அது சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் இடைவேளையில் முதலில் துணி மாற்றி, கோட்டைப் போட்டு, டீயைக் குடித்தபடி கோச் சொல்வதைக் கேட்பது, கடைசி ஐந்தாறு நிமிடம் எழுந்து ஓடுவது என்று கோச்சோடு பேசி வைத்திருக்கிறோம். அந்த ஓட்டத்துக்குக் காசு வேண்டாம். கோச் தன் பேச்சைச் சுருக்கினால் போதும். அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. திருப்பூரில் வேலை செய்கிற நம் ஊர்க்காரர்கள், எக்ஸ்போர்ட்டில் கழித்த ஃபிளீஸ் துணி மலிவாகக் கிடைத்தால் சொல்லுங்கள், கோட்டுச் செலவு பாதியாகக் குறையும். வெல்டிங் தெரிந்தவர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொட்டகைக் கூலி மிச்சம். பழைய ஸ்வெட்டர், மப்ளர், கம்பளிக் குல்லாவும் வாங்கிக்கொள்கிறோம், துவைத்துத் தாருங்கள்.

கோட்டுகளும் ஜெர்சிகளும் குழுவின் பொதுச் சொத்து. ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டப்படும். வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை, கேப்டனுக்கும் இல்லை. வரவு செலவு மாதம் ஒருமுறை மைதான டீக்கடைப் பலகையில் ஒட்டப்படும்.

கார்த்திகை பிறப்பதற்குள் கொட்டகை எழும்பினால்தான் மார்கழிப் பனிக்கு உதவும். நன்கொடையைப் பொருளாளரிடமோ, மாலையில் மைதானத்தில் இருக்கும் குழு உறுப்பினர்களிடமோ கொடுத்து, 50 ரூபாயானாலும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஊர் கால்பந்துக் குழுவினர்