போனஸ் பட்டுவாடாவுக்கு மறுநாளை எங்களுக்குக் கொடுங்கள்

திருப்பூர், அவிநாசி, பெருந்துறை வட்டாரத்துப் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு,

வணக்கமுங்க. உங்கள் கம்பெனிகளில் நெட்வொர்க் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். ஆயுத பூசைக்கு நிட்டிங் மிஷினிலிருந்து அயர்ன் பாக்ஸ் வரைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைக்கிறோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமராவையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிற ரேக்குக்கும் ஒரு பொட்டு வைக்கிறோம். ஆனால் அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர் பல கம்பெனிகளில் வாங்கிய அன்று இருந்ததுதான். அப்கிரேடு செய்ய நேரம் கேட்டால், "நல்லாத்தானே ஓடுது கண்ணு, அதையெதுக்கு நோண்டோணும்?" என்கிறீர்கள்.

அந்தப் பயம் எனக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், கரண்டு நிறுத்தும் பராமரிப்பு நாளன்று அப்கிரேடு செய்துகொள்ளச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் மிஷின் ஓடாதாம். யூபிஎஸ்ஸை நம்பி ஆரம்பித்தேன். புது வெர்ஷனில் முதல் தடவை எழும்போது ஸ்விட்ச் தன் பூட்லோடரையும் (ஸ்விட்சை எழுப்பிவிடும் சின்ன புரோகிராம்) சேர்த்து மாற்றிக்கொள்ளும். அப்போது கரண்டு போகவே கூடாது. பேட்டரி பழசு. சரியாக அந்த நேரத்தில் படுத்துவிட்டது. ஒன்றாக இணைத்து வைத்திருந்த இரண்டு ஸ்விட்சில் ஒன்று திரும்ப எழவில்லை. மாற்று ஸ்விட்ச் வரும்வரை மூன்று நாள், பேக்கிங் பெண்கள் அட்டைப்பெட்டி லேபிளை மார்க்கரால் கையில் எழுதினார்கள். பையருடைய ஆர்டர் எண்ணைப் பெட்டிக்குப் பெட்டி சரிபார்த்தபடி ஓர் அக்கா ராத்திரி பத்து மணி வரை நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நேரம் கேட்டது நான், தப்பான நாளுக்குத் தலையாட்டியதும் நான்.

அதற்காக அப்கிரேடே வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்று ஒரு வசதி இருந்தது. புது ஸ்விட்சை ஆள் இல்லாமலே கட்டமைக்க 4786-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில், காத்திருக்கும். அதிலிருந்த ஓட்டை 2018 மார்ச்சில் வெளியானது. அதை அடைக்கும் பேட்சும் அப்போதே வந்தது. 2025 ஆகஸ்டிலும் அதே ஓட்டை வழியாகப் பழைய கருவிகளுக்குள் நுழைகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. ஏழு வருடம்! 2023 அக்டோபரில், சிஸ்கோ ஸ்விட்சுகளில் ஓடும் ஐஓஎஸ் எக்ஸ்இ சாஃப்ட்வேரில், பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம் வழியாகப் பாஸ்வேர்டே இல்லாமல் முழு அதிகாரமுள்ள கணக்கை உருவாக்க முடிந்தது. ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. உங்கள் விலைப்பட்டியலும் பையர் மெயிலும் கைரேகை வருகைப் பதிவும் போகிற பாதை இந்தப் பெட்டிதான்.

புது வெர்ஷனில் கண்டெய்னர், பைத்தான், டெலிமெட்ரி என்று நிறைய வருகிறது. செக்கிங் செக்ஷனுக்கு அதெல்லாம் வேண்டாம். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: தப்பானால் தானே பின்வாங்கும் வசதி. ஐஓஎஸ் எக்ஸ்இயில் புது வெர்ஷனை ஏற்றி, ஆக்டிவேட் செய்தபின், "சரி, இதுவே இருக்கட்டும்" என்று கமிட் கொடுக்காவிட்டால் 120 நிமிடத்தில் ஸ்விட்ச் தானாகப் பழையதுக்கே திரும்பிவிடும். (எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்றுவது, ஆக்டிவேட், கமிட் மூன்றையும் ஒரே வரியில் அடித்துவிடாதீர்கள். அடித்தால் இந்தப் பாதுகாப்பு போச்சு.) அரூபா என்ற இன்னொரு பிராண்டின் சிஎக்ஸ் ஸ்விட்சுகளில் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு சாஃப்ட்வேர் இமேஜ் வைக்க இடமுண்டு, புதியது சரிவராவிட்டால் பழையதில் எழுப்பலாம்.

வெர்ஷன் தேர்விலும் அவசரம் கூடாது. ஐஓஎஸ் எக்ஸ்இயில் குறிப்பிட்ட சில வெர்ஷன்களுக்குத்தான் நீண்ட காலம் பேட்ச் கிடைக்கும். நேற்று வந்தது என்பதற்காக எதையும் ஏற்றச் சொல்லாதீர்கள். ரிலீஸ் நோட்ஸ் படித்து, ஸ்விட்சின் அமைப்புகளைப் பேக்கப் எடுத்து, அதன் ஃபிளாஷ் மெமரியில் இடம் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கை வைப்போம்.

எங்களுக்கு வேண்டியது நாள். தீபாவளி போனஸ் பட்டுவாடா முடிந்து, ஆட்கள் தென் மாவட்டங்களுக்கும் வடக்கேயும் பஸ், ரயில் ஏறிய மறுநாளைக் கொடுங்கள். லீவின் கடைசி நாள் வேண்டாம். ஏதாவது தப்பானாலும் மறுநாள் காலையில் மிஷின் ஓடணும். முதல் நாள் என்றால் கோவையில் டீலர் கடை திறந்திருக்கும், சரிசெய்யக் கையில் ஒரு வாரம் இருக்கும். கேமராவும் போனும் ஸ்விட்சிலிருந்தே கரண்டு எடுப்பதால், ரீலோடு ஆகும் அந்தக் கால் மணி, அரை மணிக்குக் கேட்டில் கூடுதலாக ஒரு வாட்ச்மேன் வேண்டும். யூபிஎஸ் பேட்டரியை முந்தின வாரமே சோதிக்க வேண்டும். சப்போர்ட் ஒப்பந்தத்தையும் புதுப்பித்து வையுங்கள். பல மாடல்களுக்கு அது இல்லாமல் புது வெர்ஷனை முறையாக இறக்க முடியாது. நோம்பி நேரமாச்சே என்று யோசிக்காதீர்கள். எங்களுக்கு ஊரே இதுதான், வந்துவிடுவோம்.

பட்டுவாடா தேதி முடிவானதும் அக்கவுண்ட்ஸுக்குச் சொல்லும்போதே உங்கள் ஐடி ஆளுக்கும் சொல்லிவிடுங்கள். ஸ்பேர் ஸ்விட்ச் ஒன்று சொல்லி வாங்கி வைக்க அவருக்கு இரண்டு மூன்று வாரமாவது வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரேக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன்