ரோரி கேலகருக்காக ஒரு சண்டை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. வீடு மாற்றிய அலைச்சலில் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. முட்டி வலி இப்போது தேவலையா? மூட்டை பிரிக்கும்போது ஹாஸ்டல் காலத்து கேசட் பெட்டி கிடைத்தது. பாதிக்கு மேல் பூஞ்சை. நீ பதிந்து கொடுத்த ரோரி கேலகரின் 'ஐரிஷ் டூர்' ஆல்பம் மட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது, ஓட்டிப் பார்க்கத்தான் டெக் இல்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். அயர்லாந்து ப்ளூஸ் ராக் பாடகர் ரோரி கேலகர் கிதாரில் பெரிய ஆள், பாட்டு எழுதுவதில் சுமார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய் பார், அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. ரசிகர்கள் நாலு பேர் கூடினாலே பேச்சு அவருடைய அந்த 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாருக்குத்தான் போகும். 1963-ல், பதினைந்து வயதில், கார்க் நகரத்துக் கடையில் 100 பவுண்டுக்குக் கடனாக வாங்கியது, வியர்வை பட்டுப் பட்டு பெயிண்ட் உரிந்து கட்டை தெரிந்தது, 2024-ல் லண்டன் ஏலத்தில் எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் போனது... அப்புறம் கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அவரைப் பற்றி ஏதோ சொன்னாராம் என்று ஒரு கதை, ஆதாரம் கேட்டால் மழுப்புவார்கள். எல்லாம் கிதார் புராணம். பாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அவருடைய 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டு நமக்கு மனப்பாடம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போன வாரம் வார்த்தைகளை மட்டும் கவனித்துக் கேட்டேன். ஓட்டல் பாரில் கூட்டம் நெரிகிறது, பியானோக்காரர் வெளுத்து வாங்குகிறார், பாட்டில் பேசுகிற இவன் மட்டும் எங்கேயோ இருக்கிறான். பிறகு பார் காலியாகிவிடுகிறது, பியானோக்காரரும் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார். இவன் நிலைமையில் ஒரு மாற்றமும் இல்லை! கூட்டம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தனிமை என்று புலம்பாமல் ஒரு பஸ்ஸை வைத்து அதைச் சொல்லிவிட்டார். இதையா சுமார் என்கிறாய்?

துப்பறியும் கதைகள் என்றால் அவருக்கு உயிர். 1979-ல் கிம் ஃபில்பியை வைத்து ஒரு பாட்டு எழுதினார். மாஸ்கோவுக்கு ஓடிப்போன அந்த பிரிட்டிஷ் உளவாளியும் ஊர் ஊராகக் கச்சேரிக்கு அலைகிற தானும் ஒரே ஜாதி என்கிற மாதிரி, நடுவில் எலக்ட்ரிக் சித்தார் வேறு. 1987-ல் 'டிஃபெண்டர்' ஆல்பத்தில் அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டின் பெயரில்லாத துப்பறிவாளரே பாட்டாகிவிட்டார். ப்ளூஸ் ராக்கில் வேறு யார் இந்தப் பக்கம் போனார்கள், சொல். சில வேகப் பாட்டுகளில் வார்த்தை வெறும் ரயிலும் ரோடும்தான், அதில் நீ சொல்வது சரி.

பேர் வராததற்குப் பாதிக் காரணம் அவரேதான். சிங்கிள், அதாவது ஒரு பாட்டைத் தனி ரெக்கார்டாக, வெளியிட மாட்டேன் என்று அடம். 1975-ல் ராட்டர்டாமில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவோடு சில நாள் வாசித்துப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்ட ஜப்பான் கச்சேரிகளுக்குக் கிளம்பிப் போய்விட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவில் பதிந்து முடித்த ஒரு முழு ஆல்பத்தை 1978-ல் திருப்தியில்லை என்று தூக்கிப் போட்டார், அது வெளிவந்தது 2011-ல். அவர் இறந்து பதினாறு வருஷம் கழித்து. 47 வயதில் போய்விட்டார் மனிதர். நமக்கு அதைத் தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது.

அடுத்த மாதம் உன் பக்கம் வருகிறேன். உன் டெக் இன்னும் ஓடுகிறதா என்று எழுது, கேசட்டைக் கொண்டு வருகிறேன். அதற்குள் அந்த 'மில்லியன் மைல்ஸ்' பாட்டை ராத்திரி ஒரு தடவை கேட்டுவிடு. கிதார் சோலோ வரும்போது என்னைத் திட்டக் கூடாது.

உன் பழைய ரூம்மேட்